பேய் குடியிருந்த இடம்

கடைவீதியிலே ஒருவன் நடந்து வருகிறான். நல்ல உடல், தெளிந்த முகம், கையிலே காய்கறிப் பை. இமைப்பொழுதில் அவன் கழுத்து ஒருபுறம் திரும்புகிறது, கண் செருகுகிறது, அடியற்ற மரமெனச் சாய்கிறான். கை கால்கள் வெட்டி வெட்டி இழுக்கின்றன. வாயிலே நுரை. பையிலிருந்த தக்காளி நாற்புறமும் உருள்கிறது. கூட்டம் கூடுகிறது.

"இரும்பு, இரும்பு!" என்று கூவுகிறார் ஒருவர். சாவிக்கொத்து ஒன்று அவன் கைக்குள் திணிக்கப்படுகிறது. "இன்றைக்கு அமாவாசையாயிற்றே" என்று தலையசைக்கிறார் இன்னொருவர். "போன பிறவியில் என்ன செய்தானோ" என்று பெருமூச்செறிகிறார் மூன்றாமவர். இரண்டு நிமிடங்கள் செல்கின்றன. இழுப்பு ஓய்கிறது. உடல் தளர்கிறது. சாவிக்கு உரியவர் அதைத் துடைத்து மடியில் செருகிக்கொண்டு, ஓர் உயிரைக் காத்த பெருமிதத்தோடு நடையைக் கட்டுகிறார்.

சாவி கொடுக்காவிட்டாலும் அந்த வலிப்பு அடங்கித்தான் இருக்கும். பெரும்பாலான வலிப்புகள் ஓரிரு நிமிடங்களில் தாமே ஓய்ந்துவிடும் இயல்பின. தானே நிற்கும் நோய்க்கு, பக்கத்திலே நின்றவரெல்லாம் வைத்தியர்! சாவிக்கு வந்த புகழும், வேப்பிலைக்கும் உடுக்கைக்கும் தாயத்துக்கும் வந்த புகழும் இந்த ஒரே வழியில் வந்தவைதாம்.

பேய் பிடித்தது என்கிறார்களே, அது பிடித்த இடம் எது? புளியமரமா, சுடுகாடா, முன்பிறவியா? மனித குலம் இந்தக் கேள்விக்கு நேர்மையான விடை தேடப் புறப்பட்டது. விடை, தலையோட்டுக்கு அடியிலே, சில மில்லிமீட்டர் கனமே உள்ள சாம்பல் நிறப் படலம் ஒன்றில் கிடைத்தது. மூளைப் புறணி என்று அதற்குப் பெயர். அந்தப் புறணியின் மேலே மின்முனைகளை வைத்து, அது எழுதிக் காட்டிய கோடுகளைப் படித்து, நோயின் இருப்பிடத்தை விரல்வைத்துச் சுட்டிய வரலாறு, அறிவு வரலாற்றிலேயே அழகானது. அதில் கறை படிந்த ஏடுகளும் உண்டு. இரண்டையும் மறைக்காமல் எடுத்துரைக்க விரும்புகிறோம்.

'புனித' நோய்

வலிப்பைத் தெய்வத்தின் பேரில் ஏற்றியவர்கள் நம் நாட்டார் மட்டுமல்லர். பண்டைக் கிரேக்கர் அதனைப் 'புனித நோய்' என்றே அழைத்தனர். ஆயினும் அந்தக் கிரேக்க நாட்டிலேயே, இற்றைக்கு ஏறத்தாழ 2,400 ஆண்டுகட்கு முன், ஹிப்போகிரேட்டசின் மருத்துவ மரபைச் சேர்ந்த ஒருவர் அந்த நோயைப் பற்றியே ஒரு நூல் எழுதினார். ஏனைய நோய்களைக் காட்டிலும் இதற்குத் தனிப் புனிதம் ஏதுமில்லை, இதன் தோற்றுவாய் மூளை, புரியாத காரணத்தால்தான் மக்கள் இதைத் தெய்வத்தின் கணக்கில் எழுதினர் என்பது அந்நூலின் கருத்து. மந்திரத்தால் பிழைப்போரை அவர் கடிந்துரைக்கவும் தயங்கவில்லை.

2,400 ஆண்டுகட்கு முன் எழுந்த அந்தக் குரல் ஏன் வெல்லவில்லை? காட்டிக்கொடுக்கக் கண்கண்ட சான்று அவர் கையில் இல்லை. "மூளைதான்" என்று அவர் சொன்னார், "மூளையில் எங்கே? எப்படி?" என்று கேட்டால் சொல்ல வழியில்லை. சான்றில்லாத உண்மை, சடங்குள்ள பொய்யிடம் தோற்றுப்போவது உண்டு. கருவி பிறக்கும் வரையில் அந்த உண்மை காத்திருந்தது.

நாயின் கால் அசைந்தது

1791-இல் இத்தாலியின் போலோனா நகர அறிஞர் லூயிஜி கால்வானி, செத்த தவளையின் கால் மின்சாரத்தால் துடிப்பதை விளக்கி ஏடு வெளியிட்டார். உடலிலே ஓடுவது ஆவியன்று, மின்சாரம் என்ற எண்ணம் அதிலிருந்து வேர்விட்டது. எனினும் மூளையின் மேற்பரப்பு மட்டும் மின்சாரத்துக்கு மறுமொழி தராது என்றே நெடுநாள் நம்பிவந்தனர். ஆசான்கள் சொன்னார்கள், மாணவர்கள் எழுதிக்கொண்டார்கள். அறிவியலுக்குள்ளும் 'பெரியவர் வாக்கு' புகுந்துவிட்டால் அதுவும் ஒரு வேதமாகிவிடும் அல்லவா?

அந்த வேதத்தை 1870-இல் உடைத்தவர்கள் பெர்லினைச் சேர்ந்த இளைஞர் இருவர்: குஸ்தாவ் ஃபிரிட்ஷ், எட்வர்ட் ஹிட்சிக். ஆய்வுக்கூடத்தில் இடமில்லை, ஹிட்சிக்கின் வீட்டிலேயே ஆய்வு நடந்தது. நாயின் மூளைப் புறணியின் முன்பகுதியில் ஓரிடத்தை மெல்லிய மின்னோட்டத்தால் தொட்டனர். எதிர்ப்புறத்து முன்னங்கால் அசைந்தது. சற்றுத் தள்ளித் தொட்டனர், பின்னங்கால் அசைந்தது. இடப்புற மூளை வலப்புற உடலை ஆள்கிறது. ஒவ்வோர் உறுப்புக்கும் புறணியிலே ஒரு நிலம் ஒதுக்கப்பட்டிருக்கிறது என்பது வெட்டவெளிச்சமாயிற்று.

அதே காலத்தில் லண்டனில், கத்தியும் மின்சாரமும் இன்றி, கண்ணால் மட்டுமே இந்த முடிவை நெருங்கிய மருத்துவர் ஒருவர் இருந்தார். ஜான் ஹியூலிங்ஸ் ஜாக்சன் என்பது அவர் பெயர். சிலருக்கு வலிப்பு கட்டைவிரலில் தொடங்கும்; அங்கிருந்து கைக்கும், தோளுக்கும், முகத்துக்கும் படை நடப்பதுபோல் வரிசை தவறாமல் பரவும். வரிசை தவறாத இந்த நடையை அவர் உற்று நோக்கினார். வெளியிலிருந்து வந்த பேய் வரிசை பார்த்தா நடக்கும்? மூளைக்குள்ளே உறுப்புகள் வரிசையாக இடம்பெற்றிருக்க வேண்டும், அங்கே ஓரிடத்தில் திடீரென எழும் மிகையான வெளிப்பாய்ச்சல் அக்கம்பக்கத்துக்குத் தீயெனப் பரவ வேண்டும் என்று முடிவு செய்தார். பிரிட்ஷும் ஹிட்சிக்கும் நாயிலே கண்டது, ஜாக்சன் நோயாளியிலே ஊகித்ததற்குச் சான்றாயிற்று. 1873 முதல் டேவிட் ஃபெரியர் குரங்குகளின் மூளையை ஆராய்ந்து, இந்தப் படத்தை மேலும் விரிவாக்கினார்.

ஓர் ஏழைப் பெண்

இங்கே நாம் தலைகுனிய வேண்டிய ஏடு ஒன்று வருகிறது. 1874-இல் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில், மேரி ராஃபர்ட்டி என்ற 30 வயதுப் பெண் மருத்துவம் நாடி வந்தாள். வீட்டு வேலை செய்து பிழைத்தவள். தலையிலே தோன்றிய புற்றுப்புண் எலும்பையே அரித்து, மூளையின் உறையை வெளிக்காட்டியிருந்தது. ராபர்ட்ஸ் பார்த்தலோ என்ற மருத்துவர் அந்தத் திறப்பின் வழியே மூளைக்குள் ஊசி மின்முனைகளைச் செலுத்தி மின்னோட்டம் விட்டார். எதிர்ப்புறத்துக் கையும் காலும் இழுத்தன. மின்னோட்டத்தைக் கூட்டினார். அவள் முகத்தில் துயரம் படர்ந்தது, அழுதாள், கடும் வலிப்பு வந்து நினைவிழந்தாள். சில நாட்களில் இறந்தும் போனாள்.

மனித மூளையும் மின்சாரத்துக்கு மறுமொழி தரும் என்பதை உலகுக்குக் காட்டிய முதல் ஆய்வு இதுவே. ஆனால் அந்த ஆய்வால் அவளுக்கு என்ன நன்மை? அவள் நோய்க்கு மருந்தாக அது செய்யப்படவில்லை. மருத்துவ உலகம் கண்டித்தது. பார்த்தலோ வருத்தம் தெரிவிக்க நேர்ந்தது. வேலைக்காரியின் தலை என்பதால் துணிந்த கை, சீமாட்டியின் தலையில் துணிந்திருக்குமா என்ற கேள்வியை நாம் கேட்டே ஆக வேண்டும். அறிவியலின் பெயரால் செய்யப்பட்டது என்பதற்காக ஒரு கொடுமை, கொடுமை அல்லாமல் போய்விடாது. பகுத்தறிவு என்பது பக்தனைக் கேள்வி கேட்பது மட்டுமன்று. ஆய்வாளனையும் கேள்வி கேட்பது.

மூளை தானே எழுதுகிறது

இதுவரை நடந்தது, மூளைக்குள் மின்சாரத்தைச் செலுத்துவது. மூளை தானே மின்சாரம் உண்டாக்குகிறதா? இந்த வினாவுக்கு 1875-இல் விடை கண்டார், லிவர்பூல் நகரத்து மருத்துவர் ரிச்சர்டு கேட்டன். முயல், குரங்கு ஆகியவற்றின் மூளைப் பரப்பில் மின்முனைகளை வைத்தார். கிடைத்த மின்னோட்டம் மிக மிகச் சிறிது. அதனைக் காண, கால்வனாமீட்டரில் பொருத்திய சிறு கண்ணாடியில் ஒளியைப் பாய்ச்சி, அது சுவரிலே அசைவதைப் பார்த்தார். ஒளிப்புள்ளி அசைந்தது! விலங்கு உயிரோடும் விழிப்போடும் இருக்கும்வரை அசைந்துகொண்டே இருந்தது. இன்று மூளைப் பரப்பின் மின்பதிவு என்று சொல்கிறோமே, அதன் மூலவித்து அந்தச் சுவரில் ஆடிய ஒளிப்புள்ளிதான். 1890-இல் போலந்து நாட்டு அடால்ஃப் பெக், கேட்டனின் ஆய்வை அறியாமலே, தம் வழியில் அதே உண்மையைக் கண்டார். வெவ்வேறு நாட்டில், ஒருவரை ஒருவர் அறியாத இருவர், ஒரே உண்மையில் வந்து சேர்கின்றனர். இரு நாட்டுப் பூசாரிகள் என்றைக்காவது இப்படி ஒரே தெய்வத்தில் வந்து சேர்ந்ததுண்டா?

மனிதனிடத்தில் இதைப் பதிவு செய்தவர் ஜெர்மனியின் ஜெனா நகரத்து மனநோய் மருத்துவர் ஹான்ஸ் பெர்கர். அவர் இத்துறைக்கு வந்த வழி விந்தையானது. இளமையில் படைப் பயிற்சியின்போது குதிரையிலிருந்து விழுந்து, பீரங்கி வண்டியின் சக்கரத்தில் சிக்க இருந்து தப்பினார். அன்று மாலையே தந்தையிடமிருந்து நலம் வினவித் தந்தி வந்தது. தமக்கைக்கு ஏதோ மனக்கலக்கம் தோன்றியதாம்! மனத்திலிருந்து மனத்துக்குச் செய்தி பறக்கிறது என்று பெர்கர் நம்பினார். அந்த மனச் சக்தியின் பௌதிகத்தைக் கண்டுபிடிக்கவே வாழ்நாளை ஒப்படைத்தார். 1924-இல், அறுவையால் தலையோட்டில் திறப்பு ஏற்பட்டிருந்த 17 வயது இளைஞன் ஒருவனிடம் முதற்பதிவைப் பெற்றார். இதயத் துடிப்பா, தசை அசைவா, கருவியின் பிழையா என்று ஐந்தாண்டுகள் தம்மையே ஐயுற்று, திரும்பத் திரும்பச் சோதித்து, 1929-இல்தான் வெளியிட்டார். கண்ணை மூடி ஓய்ந்திருக்கையில் நொடிக்கு 10 முறை அளவில் எழுந்து விழும் அலையைக் கண்டார். அதற்கு ஆல்பா அலை என்று பெயரிட்டார். ஆவியைத் தேடிப் போனவர் அலையைக் கண்டார்! தொலைவிலுள்ள தமக்கைக்கு அந்த அலை எட்டுமா? தலையின் தோலைத் தாண்டுவதற்குள்ளேயே அது இளைத்துப்போகிறது. ஒரு வோல்ட்டைப் 10 இலட்சம் கூறாக்கினால், அவற்றுள் 50 கூறு அளவுதான் வெளியே எஞ்சுகிறது.

1934-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ஏட்ரியனும் மாத்யூசும் அந்த அலையை மீண்டும் எடுத்துக் காட்டிய பிறகே உலகம் பெர்கரை நம்பிற்று. ஒருவர் சொன்னதை மற்றவர் செய்து பார்த்து ஒப்புவதே அறிவியல்.

பந்தலுக்குள்ளே

தலையின் தோல்மேல் எடுக்கும் பதிவுக்கும், மூளைப் பரப்பின்மேல் எடுக்கும் பதிவுக்கும் வேறுபாடு என்ன? மாநாட்டுப் பந்தலுக்கு வெளியே, மதிலோரம் நிற்பவர் காதில் ஆரவாரம் மட்டுமே விழும். பேசுபவர் யார், எந்த மூலையிலிருந்து கைதட்டல் எழுந்தது என்பதெல்லாம் தெரியாது. பந்தலுக்குள் சென்றால் தெரியும். தலையோடு ஒரு மதில். அது மின்னலைகளை மழுக்குகிறது; பரப்பிக் கலக்கிவிடுகிறது. மதிலைத் தாண்டி மூளையின்மேல் நேரே மின்முனையை வைத்தால், அலை பல மடங்கு பெரிதாகவும், இன்ன இடத்தது என்று சுட்டத்தக்கதாகவும் கிடைக்கிறது.

அவ்வாறு அறுவை மேசையிலே மனித மூளைப் பரப்பிலிருந்து நேரே பதிவு செய்து 1935-இல் வெளியிட்டவர்கள், அந்நாளில் ஜெர்மனியிலும் இன்று போலந்திலும் உள்ள பிரெஸ்லவ் நகரின் ஒட்ஃப்ரிட் ஃபோர்ஸ்டரும் ஆல்ட்டன்பர்கரும் ஆவர். முதல் உலகப் போரில் தலையில் காயமுற்று வலிப்புக்கு ஆளான வீரர்களை ஃபோர்ஸ்டர் ஏராளமாகக் கண்டவர். அவரிடம் 1928-இல் சென்று பயின்றவர்தான், இந்த வரலாற்றின் நடுநாயகமான வைல்டர் பென்ஃபீல்டு.

அதே 1928-இன் இறுதியில் பென்ஃபீல்டின் சொந்தத் தமக்கை ரூத் மூளைக் கட்டியோடு அவரிடம் வந்து சேர்ந்தார். பல்லாண்டு வலிப்பால் வருந்தியவர் அவர். தம்பியே கத்தியை எடுத்தார். கட்டியை முற்றும் அகற்ற இயலவில்லை. மூன்றாண்டுகள் போல் வாழ்ந்து அவர் மறைந்தார். அந்தத் துயரம் பென்ஃபீல்டை முடக்கவில்லை. மூளையை மட்டுமே ஆராயும் நிலையம் ஒன்று வேண்டும் என்ற உறுதியாக மாறிற்று. ராக்ஃபெல்லர் அறநிறுவனத்தின் பொருளுதவியோடு, கனடாவின் மாண்ட்ரியல் நகரில் 1934-இல் அந்த நரம்பியல் நிலையம் திறக்கப்பட்டது. மின்பதிவு வல்லுநர் ஹெர்பர்ட் ஜாஸ்பர் சில ஆண்டுகளில் வந்து சேர்ந்தார். கத்தி ஒருவரிடம், கருவி ஒருவரிடம். இருவரும் சேர்ந்து எழுதிய பெருநூல் 1954-இல் வெளிவந்தது.

அந்த அறுவை அறையில் நடந்தது என்ன? நோயாளி விழித்தே இருப்பார். தலையின் தோலுக்கு மட்டும் மரப்பு மருந்து. மூளைக்கு வலி தெரியாது. உடலின் வலிகளை எல்லாம் உணர்த்தும் மூளை, தன்னைத் தொட்டால் உணர்வதில்லை! மின்முனையால் ஓரிடத்தைத் தொட்டு, "என்ன நேர்ந்தது?" என்று மருத்துவர் கேட்பார். "கட்டைவிரல் கூசுகிறது" என்பார் நோயாளி. அவ்விடத்தில் எண் பொறித்த சிறு தாள்துண்டு ஒன்று வைக்கப்படும். சொன்ன சொல் குறித்துக்கொள்ளப்படும். பிறகு ஜாஸ்பரின் மின்முனைகள் புறணியின்மேல் வரிசையாக அமரும். பேனாமுனைகள் ஓடும் தாளிலே கோடு கிழிக்கும். நலமான இடத்தில் சீரான அலை. நோயுற்ற இடத்தில் ஈட்டிமுனைபோல் கூர்த்த அலை. இன்ன இடத்தில் தழும்பு, இன்ன இடத்திலிருந்து தீ கிளம்புகிறது என்று தெரிந்துவிடும். பேச்சுக்கும் கைக்கும் உரிய நிலத்தை விட்டுவிட்டு, தீ கிளம்பும் இடத்தை மட்டும் வெட்டி எடுப்பர். எடுத்தபின் மீண்டும் பதிவு செய்து, ஈட்டி அலை எஞ்சியுள்ளதா என்றும் பார்ப்பர். எல்லாருக்கும் வலிப்பு நின்றது என்று சொல்வதற்கில்லை; பலருக்கு நின்றது.

இன்னும் ஒன்றைக் குறிப்பிட வேண்டும். சிலவேளை பென்ஃபீல்டு, "இதோ தொடுகிறேன்" என்று சொல்லிவிட்டு, மின்னோட்டமே செலுத்தாமல் இருப்பார். நோயாளி ஒன்றும் உணரவில்லை என்றால், முன்பு சொன்னவை கற்பனை அல்ல என்று உறுதியாகும். தோழர்களே, உடுக்கை அடிப்பவர் என்றைக்காவது, "இன்று உடுக்கை அடிக்காமலே இருந்து பார்ப்போம், பேய் போகிறதா என்று" எனச் சொன்னதுண்டா? தன்னையே சோதிக்கும் துணிவு இருக்கிறதே, அதுதான் மருத்துவத்தையும் மந்திரத்தையும் பிரிக்கும் கோடு.

தலைகீழ் மனிதன்

163 அறுவைகளில் கண்டவற்றைத் தொகுத்து, பென்ஃபீல்டும் போல்ட்ரியும் 1937-இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். அதிலே ஒரு வேடிக்கைப் படம். மூளைப் பரப்பில் எந்த உறுப்புக்கு எவ்வளவு நிலம் என்ற கணக்கில் வரைந்த மனித உருவம் அது. உடம்பும் முதுகும் ஒடுங்கிச் சிறுத்திருக்கின்றன. கையும், கட்டைவிரலும், உதடும், நாக்கும் பூதாகரமாகப் பெருத்திருக்கின்றன! உழைக்கும் கைக்கும் பேசும் வாய்க்கும் மூளை தன் நிலத்தைப் பகிர்ந்தளித்திருக்கிறது.

அந்த நிலத்தில் உறுப்புகள் அமைந்த வரிசையைப் பாருங்கள்: கால்விரல் உச்சியில், முகமும் நாக்கும் அடியில். ஒருவன் முகத்திலே பிறந்தான், ஒருவன் காலிலே பிறந்தான், ஆகையால் முகத்தில் பிறந்தவன் உயர்ந்தவன் என்று நமக்கு ஒரு கதை சொன்னார்களே, அவர்கள் இந்தப் படத்தைப் பார்த்திருந்தால் என்ன செய்திருப்பார்கள்? மூளைப் படம் சாதிக்கு மறுப்புரையாக வரையப்பட்டதன்று. அதை அப்படிச் சான்றாக்கவும் நாம் முனையவில்லை. ஆனால் காலை இழிவென்றும் முகத்தை உயர்வென்றும் எழுதிவைத்தது இயற்கையன்று, மனிதர்தாம் என்பதை அந்தத் தலைகீழ் உருவம் புன்னகையோடு நினைவூட்டுகிறது.

பக்க மடலைத் தொட்டபோது வேறொரு புதுமை. சிலர் பழைய பாட்டைக் கேட்டனர். சிலர் பழகிய குரலைக் கேட்டனர். கண்முன் காட்சி கண்டனர். 1963-இல் பென்ஃபீல்டும் பெரோவும் வெளியிட்ட கணக்கின்படி, 1,132 நோயாளருள் 520 பேருக்குப் பக்க மடல் தொடப்பட்டது; அவருள் 40 பேர் இவ்வாறு உணர்ந்தனர். கடந்தகாலம் முழுதும் மூளையில் அப்படியே பதிவாகியுள்ளது என்று பென்ஃபீல்டு கருதினார். பின்வந்தோர் அதனை ஒப்பவில்லை. கனவுபோல் புனைந்தவையும் அவற்றில் கலந்திருக்கலாம் என்றனர். எவ்வாறாயினும், வலிப்பு வருமுன் சிலர் கண்ட காட்சிக்கும் கேட்ட அசரீரிக்கும் பிறப்பிடம் வானுலகமன்று என்பது தெளிவாயிற்று.

இன்னொன்றையும் நாம் ஒளிக்கக் கூடாது. மின்முனையால் கையை அசைக்க முடிந்தது, நினைவை எழுப்ப முடிந்தது, ஆனால் ஒரு முடிவெடுக்கும் விருப்பத்தை எழுப்ப முடியவில்லை என்று கண்ட பென்ஃபீல்டு, 1975-இல் எழுதிய நூலில், மனம் மூளையினின்று வேறாக இருக்கலாம் என்ற பக்கமே சாய்ந்தார். நமக்கு உடன்பாடில்லாத முடிவு அது. ஒரு முனையால் எழுப்ப முடியாதது, பல பகுதிகள் கூடிச் செய்யும் வேலையாக இருக்கலாமே! ஆயினும் அவர் கண்ட உண்மைகளைப் போற்றுகிறோம். அவர் கொண்ட ஊகத்தை மறுக்கிறோம். பெரியவர் சொன்னார் என்று ஏற்பதும் இல்லை. ஒன்றில் பிழைத்தார் என்று அனைத்தையும் வீசுவதும் இல்லை.

பேய் போயிற்று, பழி போயிற்றா?

இனி, இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டிய செய்திக்கு வருகிறோம். நோயின் இருப்பிடம் மூளை என்று மெய்ப்பித்தாயிற்று. நோயாளியின் மேலிருந்த பழி நீங்கிற்றா?

1895-இலேயே அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலம் வலிப்பு நோயர் திருமணத்தைச் சட்டத்தால் தடுத்தது. 1933-இல் இட்லரின் ஆட்சி, பரம்பரை நோயர் எனப்பட்டோரைக் கட்டாயமாக மலடாக்கச் சட்டம் செய்தது. அந்தப் பட்டியலில் வலிப்பு நோயும் இருந்தது. ஏறத்தாழ 4,00,000 பேர் அந்தக் கத்திக்கு ஆளாயினர். அவ்வழக்குகளை ஆராய்ந்து தீர்ப்பளித்த மன்றத்தில் அமர்ந்தவர்களுள் ஒருவர் யார் தெரியுமா? ஆல்பா அலையைக் கண்ட அதே ஹான்ஸ் பெர்கர்! பிற்கால ஆய்வாளர் ஆவணங்களைத் துருவி இதனை வெளிக்கொணர்ந்துள்ளனர். மூளை எழுதும் கோட்டைப் படித்த கண்ணுக்கு, எதிரே நின்ற மனிதனின் முகம் தெரியவில்லை. முன்பு பூசாரி 'தீட்டு' என்றான். இப்போது மன்றம் 'குறைப்பிறவி' என்றது. பலகை மாறிற்று; கடை மாறவில்லை.

அயல்நாட்டைச் சொல்லி நாம் தப்பிக்கொள்ள வேண்டா. நம் இந்தியச் சட்ட ஏட்டைப் புரட்டுவோம். 1955-இன் இந்துத் திருமணச் சட்டம் 1976-இல் திருத்தப்பட்டபோது, மீண்டும் மீண்டும் வலிப்பு வருவோர் திருமணத்துக்குத் தகுதியற்றோர் என்று எழுதிச் சேர்க்கப்பட்டது. அதைக் காட்டியே மணத்தைச் செல்லாததாக்கலாம். பென்ஃபீல்டின் பெருநூல் வெளிவந்து 22 ஆண்டு கழிந்தபின் இந்தத் திருத்தம்! 1999-இல்தான் நாடாளுமன்றம் அந்தச் சொல்லை நீக்கிற்று. இடைப்பட்ட 23 ஆண்டுகளில், தாலி கட்டிய மறுமாதமே தாய்வீட்டுக்கு அனுப்பப்பட்ட பெண்களின் கண்ணீரை எந்தக் கருவி பதிவு செய்தது? சட்டத்திலிருந்து சொல் போய்விட்டது. வீட்டுத் திண்ணையிலிருந்து போயிற்றா? பெண்ணுக்கு வலிப்பு என்றால் மறைக்கின்றனர். மறைப்பதற்காக மருந்தை நிறுத்துகின்றனர். நிறுத்தியதால் வலிப்பு பெருகுகிறது. நோயை விடக் கொடியது இந்த நாணம்.

உலகில் ஏறத்தாழ 5 கோடிப் பேர் வலிப்பு நோயோடு வாழ்வதாகவும், ஒழுங்கான மருத்துவம் கிடைத்தால் அவருள் 100-க்கு 70 பேர் வரை வலிப்பின்றி வாழ முடியும் என்றும் உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. பெரும்பாலோர்க்கு அறுவையே வேண்டா. நாள்தோறும் விழுங்கும் மாத்திரை போதும். நம் நாட்டில் வலிப்புக்குக் காரணமானவற்றுள் ஒன்று, அழுக்கு நீராலும் கழுவாத காய்கறியாலும் வயிற்றில் புகும் நாடாப்புழு முட்டை. அது மூளையில் கட்டியாக அமர்கிறது. முன்பிறவி வினையா அது? கழிப்பிடமும் தூய நீரும் தராத இப்பிறவி ஆட்சியின் வினை!

மருந்துக்கு அடங்காதோர்க்கு, மாண்ட்ரியல் வழி இன்று இன்னும் செம்மையுற்றுள்ளது. 64 மின்முனைகள் பதித்த மெல்லிய தகட்டை மூளைப் பரப்பில் வைத்து மூடி, நாட்கணக்கில் பதிவு செய்கின்றனர். வலிப்பு கிளம்பும் மூலையும், பேச்சு வாழும் மூலையும் தெரிந்துவிடுகின்றன. அதே நுட்பம் இன்னொரு கதவையும் திறந்திருக்கிறது. பக்கவாதத்தால் 18 ஆண்டுகள் பேச்சிழந்திருந்த பெண் ஒருவரின் மூளைப் பரப்பில் 253 மின்முனைகளை வைத்து, அவர் பேச முயலும்போது எழும் அலைகளைச் சொல்லாக்கி, நிமிடத்துக்கு 78 சொல் வீதம் ஒலிக்கச் செய்ததைக் கலிபோர்னிய ஆய்வாளர் 2023-இல் வெளியிட்டனர். மேரி ராஃபர்ட்டியின் சொல்லைக் கேளாமல் தொடங்கிய துறை, பேச முடியாதவளின் சொல்லைக் கேட்கும் துறையாக வளர்ந்திருக்கிறது. அந்தத் தொலைவுதான் முன்னேற்றம்.

தோழர்களே! அந்தக் கடைவீதிக் காட்சியை நாளையே நீங்கள் காணக்கூடும். கூட்டத்தை விலக்குங்கள். விழுந்தவனை ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். தலைக்கடியில் துணி ஒன்றை மடித்து வையுங்கள். வாயிலே எதையும் திணிக்காதீர்கள்; இழுக்கும் கையை அமுக்காதீர்கள். கடிகாரத்தைப் பாருங்கள், 5 நிமிடத்துக்கு மேல் நீண்டால் மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள். சாவிக்கொத்தை நீட்டுபவரிடம் சினவாதீர்கள். அவரும் உதவவே வந்தவர். "ஐயா, சாவி உங்களிடமே இருக்கட்டும்; இவர் தானாகவே தெளிவார்" என்று அமைதியாகச் சொல்லுங்கள். அவன் கண் திறந்ததும் உருண்டுபோன தக்காளியைப் பொறுக்கிக் கொடுங்கள். மருந்தை நிறுத்தக் கூடாது என்று சொல்லுங்கள். அவனுக்குப் பெண் கொடுப்பதோ, அவளுக்கு மாப்பிள்ளை தேடுவதோ பாவமன்று என்று ஊரறியப் பேசுங்கள்.

பேய் குடியிருந்த இடத்தை அறிவியல் கண்டு, அங்கே பேய் இல்லை என்று காட்டிவிட்டது. எஞ்சியிருக்கும் பேய் விழுந்தவன் மூளையில் இல்லை. சுற்றி நிற்கும் கூட்டத்தின் நெஞ்சிலே இருக்கிறது. அதை ஓட்டும் வேலை நம்முடையது.